மூன்று முறை ‘சூடு’ என்று எழுதினேன்

தண்ணீர் அறைக்குள் வந்துவிட்டது. மதியம் ஒன்று பத்து. வாசல்படி மறைகிறது. முதலில் என் செருப்பு மிதக்கிறது. அடுத்து தராசு. பச்சிளங்குழந்தை அறையில் மூன்று குழந்தைகள். அவர்களைச் சூடாக வைக்கும் வார்மர் கருவி இரண்டு. நான் ஒரு வார்மரின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

“சவத்த விடுட்டி! பிள்ளைய எடு!”

ஜான்சி கத்துகிறாள். ஜான்சி நர்ஸ். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஏற்கெனவே ஒரு குழந்தை அவள் தோளில் இருக்கிறது.

“மெஷினத் தூக்கிட்டா படி ஏறப் போற? பிள்ளைய எடு!”

எடுத்தேன். படி இருபத்திரண்டு. எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்ணினால் எனக்குக் கால் நடுங்காது.

இது வியாழக்கிழமை நடந்தது. கீரிப்பாறைக்குக் கீழே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் சிறிய ஆஸ்பத்திரி. பழைய கட்டடம். மூன்று நாள் மழை. எஸ்டேட்டில் காற்றில் விழுந்த ரப்பர் மரங்களை அறுத்து ஓடைக்கரையில் அடுக்கியிருந்தார்கள். ஓடை அவற்றை இழுத்து வந்தது. தடிகள் எங்கள் பாலத்தின் கண்களில் அடைத்துக்கொண்டன. தடி வந்து முட்டும் சத்தம் காலையிலிருந்தே கேட்டது. கல்யாண வீட்டில் பாத்திரம் இறக்குவதுபோல ஒவ்வொன்றாக. பன்னிரண்டரைக்கு அந்தச் சத்தம் நின்றது. மழை குறைந்துவிட்டது என்று நினைத்தோம். பாலம் முழுக்க அடைத்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கப் படித்தவள். வார்மர், ஆக்ஸிஜன் கருவி, தெர்மாமீட்டர், தராசு எல்லாம் என் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து, தேதி எழுதிய சிறிய தாளை அதன்மேல் ஒட்டுவேன். அன்று டாக்டர் இல்லை. காலை ஒன்பதரைக்கு, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத சுனிதாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போயிருந்தார். பாலம் அடைபட்டதும் அவரால் திரும்ப முடியவில்லை. சுனிதாவின் குழந்தை எங்களிடம் இருந்தது. பெண். ஆயிரத்து எண்ணூற்று இருபது கிராம். நான் தூக்கிக்கொண்டு ஏறியது அவளைத்தான்.

ஒன்று இருபத்தாறு. ஜெனரேட்டர் சத்தம் இரண்டு முறை இருமி நின்றது. கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. வார்மர்கள் கீழே. மின்சாரம் இல்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

மாடியில் ஜெபம் நடக்கும் பெரிய அறை. ஜன்னல் கண்ணாடிகளில் இரண்டு உடைந்தவை. அட்டை வைத்து அடைத்தோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டோம். உமாவும் பெனிலாவும் ஏறி உட்கார்ந்தார்கள். உமா வயல் கிராமத்துக்காரி. மகன் பிறந்து நான்கு நாள். பெனிலாவின் கணவர் துபாயில். மகள் பிறந்து இரண்டு நாள். எல்லாமே எடை குறைந்த குழந்தைகள்.

எடை குறைந்த குழந்தைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அதற்குக் கொழுப்பு இல்லை. நடுங்கவும் வராது. அழுது சொல்லவும் மாட்டாது. குளிரக் குளிர அமைதியாகும். பார்க்கிறவர்களுக்கு நல்ல தூக்கம்போலத் தெரியும். அதனால்தான் அரை மணிக்கு ஒருமுறை அளக்கிறோம். முப்பத்தாறரை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. போனால் இன்னொரு உடம்பின்மேல், வெறும் தோலோடு தோலாக, போட்டுப் போர்த்த வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் மனித நெஞ்சுதான் வார்மர்.

ஜான்சி அதை உடனே செய்தாள். உமாவின் நெஞ்சில் அவள் மகன். பெனிலாவின் நெஞ்சில் அவள் மகள். மேலே சேலை, அதன்மேல் போர்வை. சுனிதாவின் குழந்தைக்கு யாருடைய நெஞ்சு? அப்பா தங்கராஜ் இருந்தார். கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மெலிந்த மனிதர். ஆனால் அவர் கழுத்துவரை நனைந்திருந்தார். கீழிருந்து பெஞ்சும் அரிசியும் அடுப்பும் தலையில் சுமந்து ஏற்றியவர் அவர்தான். பல் தந்தியடித்தது.

“அண்ணே, முதல்ல துவட்டிட்டு உக்காருங்க. ஒடம்பு காயட்டும். பெறவு பிள்ளையத் தாறேன்” என்றாள் ஜான்சி.

குழந்தையைப் பஞ்சு வைத்து, இரண்டு துணி சுற்றி, தொப்பியும் காலுறையும் போட்டு, சுனிதாவின் சேலையை நான்காக மடித்துச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்தோம். மருந்து வந்த பெட்டி.

எனக்கு ஜான்சி கொடுத்த உத்தரவு இது. “அரை மணிக்கு ஒருக்க பாரு. கொறஞ்சா உடனே பெனிலா நெஞ்சுல சேத்து வை. ரெண்டு பிள்ளையும் அங்கன கிடக்கும்.”

நான் ஒரு தாளில் கோடு போட்டேன். மூன்று குழந்தை, மூன்று வரிசை.

ஒன்றரை மணி. உமாவின் மகன் முப்பத்தாறு புள்ளி ஏழு. பெனிலாவின் மகள் முப்பத்தாறு புள்ளி ஆறு. சுனிதாவின் குழந்தை முப்பத்தாறு புள்ளி ஆறு.

இரண்டு மணி. அதேபோல.

“ஏட்டி, வெள்ளத்துக்குத் தப்பியாச்சு. ஒனக்க லிஸ்டுக்குத் தப்ப முடியாது போலிருக்கே” என்றாள் உமா.

பெனிலா சிரித்தாள். “எங்க வீட்டுக்காரரு ஏசி ரூமுல இருந்துகிட்டு ‘அங்க குளிரா இருக்கா’ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லதுக்குள்ள போன் செத்துட்டு. இப்பம் அங்க கிடந்து வேர்ப்பாரு.”

சிரித்தோம். அன்று சிரித்தது அந்த ஒருமுறைதான். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டரை. சுனிதாவின் குழந்தை முப்பத்தாறரை. எல்லைக்கோட்டில். எண்கள் மங்கலாகத் தெரிந்தன. தெர்மாமீட்டரைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்.

மூன்று மணி. கருவி ஒருமுறை ‘பீ’ என்றது. திரை வெறுமையானது.

பேட்டரி. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. பின்மூடியைப் பிளேடால் திறந்தேன். துடைத்துப் போட்டேன். இல்லை. உமாவின் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டேன். அளவு சேரவில்லை. புதியவை கீழே இருந்தன. என் மேசை, இரண்டாவது இழுப்பறை, இடது மூலை, நீல டப்பா. நான்கு பேட்டரி. எங்கே இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியும். எடுத்துக்கொண்டு ஏறத்தான் தெரியவில்லை.

மூன்று ஐந்து. கீழே ஆட்கள் சத்தம். “வழிய விடு! வலி வந்துட்டு! வழிய விடு!” பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்து நான்கு பேர் தோளில் தூக்கிவருகிறார்கள். பிரசவ வலி. ஜான்சி பக்கத்து அறைக்கு ஓடினாள். கதவில் நின்று திரும்பிச் சொன்னாள்.

“கையால தொட்டுப் பாரு. வயிறு, பாதம். பாதம் தணுத்தா பெனிலாட்ட குடு. என்னையும் கூப்பிடு. கை கழுவாம தொடாத!”

தணுப்பு என்றால் எங்கள் பக்கம் குளிர்ச்சி.

தொட்டுப் பார்க்கும் முறை எனக்குத் தெரியும். கீழே சுவரில் படமே ஒட்டியிருக்கிறது. புறங்கையால் வயிற்றைத் தொட வேண்டும். பிறகு பாதத்தை. இரண்டும் சூடு என்றால் நல்லது. வயிறு சூடு, பாதம் குளிர்ச்சி என்றால் குழந்தை குளிரத் தொடங்கிவிட்டது. இரண்டும் குளிர்ச்சி என்றால் ஆபத்து. கருவி இல்லாத இடங்களுக்கான முறை. நல்ல முறை. நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் முதலில் கீழே போனேன். எனக்கு எண் வேண்டும். எண் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மூன்று எட்டுக்கு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேல். சேறு. ரப்பர் இலை. பால் பிடிக்கும் சிரட்டைகள் மிதந்து என் வயிற்றில் முட்டின. மேசை இருந்தது. இழுப்பறை ஊறிப்போய்த் திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்தது. இழுப்பறை வரவில்லை. மூன்று இருபதுக்கு மேலே வந்தேன். கையில் பித்தளைக் கைப்பிடி மட்டும்.

உடை மாற்றினேன். தலையைத் துவட்டினேன். கை கழுவினேன். முழங்கைவரை, சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளோடு. மாடித்தொட்டித் தண்ணீர். மூன்று நாள் மழை குடித்த தண்ணீர். முறைப்படி கழுவினேன். பிறகு தொட்டேன்.

மூன்றரை. சுனிதாவின் குழந்தை. வயிறு: சூடு. பாதம்: சூடு. எழுதினேன்.

நான்கு மணி. மறுபடி கை கழுவினேன். வயிறு: சூடு. பாதம்: சூடு. எழுதினேன்.

பக்கத்து அறையில் அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். ஜான்சியின் குரல், “முக்கு, முக்கு, இன்னும் ஒருக்க.” மழை தகரத்தில் விழும் சத்தம். நான் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னல். பெட்டி. உமா. பெனிலா. ஜன்னல். உட்கார முடியவில்லை. தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது படி. ஒன்பதாவது படி. எட்டாவது.

நான்கு பத்து. தங்கராஜ் பெட்டியருகே உட்கார்ந்திருந்தார். உடம்பு காய்ந்திருந்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்திருந்தார். வலது கையை எடுத்துத் துணிக்குள் விட்டார். பிள்ளையின் காலைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

“மேடம். பிள்ளைக்குக் காலு தணுத்திருக்கு.”

“இல்லண்ணே. இப்பம்தான் பாத்தேன். சூடாத்தான் இருக்கு.”

“தணுத்திருக்கு போலல்லா இருக்கு.”

தாளைக் காட்டினேன். மூன்றரை, சூடு. நான்கு, சூடு. அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான் நெஞ்சுல வச்சிக்கிடட்டா மேடம்? ஒடம்பு காஞ்சாச்சு.”

நான் சொன்ன பதில் இது. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். “வேண்டாம்ண்ணே. சுத்தினத அவுத்தா குளிரு ஏறும். இருக்கட்டும்.”

அவர் சரி என்று தலையாட்டினார். கையைத் திரும்ப அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

நான்கரை. கை கழுவினேன். தொட்டேன். வயிறு: சூடு. பாதம்: சூடு. பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்.

நான்கு நாற்பது. பக்கத்து அறையில் குழந்தை அழுதது. ஆண். அப்படியே அம்மாவின் நெஞ்சில் போட்டுப் போர்த்திவிட்டு, நான்கு ஐம்பதுக்கு ஜான்சி வந்தாள். கையுறையைக் கழற்றி எறிந்தாள். அவள் நெற்றியில் வியர்வை. பெட்டிக்குள் கையை விட்டாள்.

“ஏட்டி!”

அந்தச் சத்தத்தை நான் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. இன்னும் கேட்கிறது.

“வயிறே தணுத்துப் போச்சுட்டி! எப்பம் பாத்த?”

“நாலரைக்கு. சூடா இருந்துது.”

அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்ததும் அவள் முகம் மாறியது. என் கையை அப்படியே திருப்பி என் கழுத்தில் வைத்தாள். பனிக்கட்டி பட்டதுபோல் நான் துள்ளினேன்.

அப்போதுதான் புரிந்தது. கை, வெப்பநிலையைச் சொல்லாது. தனக்கும் தொடுகிற பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் சொல்லும். குளிர்ந்த கைக்கு எல்லாமே சூடு. அதற்கு முதல் வருடப் பாடம் போதும். நான் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கருவியையும் சோதித்துச் சீட்டு ஒட்டியவள். என் கையைச் சோதிக்கவில்லை. மூன்று முறை ஒழுங்காகக் கழுவி, மூன்று முறை ஒழுங்காகக் குளிர வைத்து, மூன்று முறை எழுதினேன்.

ஜான்சி துணியை உருவினாள். “சட்டையக் கழத்துங்கண்ணே!” தங்கராஜின் நெஞ்சில் குழந்தை. மேலே சுனிதாவின் சேலை. உமா தன் போர்வையை உருவி எறிந்தாள். பெனிலா எழுந்து வந்து தன் மகளோடு அவர் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை. அவர் ரப்பர் பால் மணக்கும் மனிதர். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் வாடை. குழந்தை அந்த மணத்தில் கிடந்தது. அழவில்லை.

நாங்கள் அழச் சொன்னோம். “அழு மக்களே. ஒருக்க அழு.” உமா சொன்னாள். எல்லோரும் சொன்னோம்.

ஐந்தரை. பாலத்தில் தடிகளை இழுத்து விலக்கியிருந்தார்கள். தண்ணீர் மளமளவென்று இறங்கியது. எஸ்டேட் டிராக்டர் வந்தது. எஞ்சின் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கமே கேட்டது. தங்கராஜ் சட்டையில்லாமல், பிள்ளையோடு, போர்வை சுற்றி ஏறினார். ஜான்சி மற்ற மூன்று தாய்மாரோடு நின்றாள். நான் கூடப் போனேன். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ். ஆறு நாற்பதுக்கு நாகர்கோவில். அங்கே தெர்மாமீட்டர் வைத்தார்கள். முப்பத்துநான்கு புள்ளி ஒன்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அப்பாவின் நெஞ்சில் கிடந்த பிறகு அந்த எண். அதற்கு முன் என்ன எண் என்று யாருக்கும் தெரியாது. நான் எழுதியிருக்க வேண்டிய எண் அது.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் பால் குடித்தாள் என்றார்கள். மாலையில் மூச்சு தடுமாறியது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முடிந்தது.

எடை குறைவு, கிருமித்தொற்று, குளிர். ஒன்றை மட்டும் பிரித்துக் காரணம் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அது உண்மையாக இருக்கலாம். அதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தி கேட்டு மறுபடி நாகர்கோவில் போனேன். வராந்தாவில் தங்கராஜ் நின்றிருந்தார். சுனிதா மேல்மாடியில், இன்னும் எழுந்து நடக்க முடியாமல். அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குமுன் நான் சொன்னேன்.

“அண்ணே. நீங்க சொன்னது சரி. எனக்க கை குளிர்ந்திருந்துது. நான்தான் தப்பா எழுதினேன்.”

அவர் வலது கையை விரித்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மழைக்காலத்துல கத்தி பிடிக்கதுக்கு முன்னால கைய அக்குளுல வச்சுச் சூடாக்குவோம் மேடம். தணுத்த கைக்கு பட்டைக்க ஆழம் தெரியாது. கத்தி உள்ள எறங்கிப் போவும். மரம் கெட்டுப் போவும்.” கையை மூடினார். “நான் அத அன்னைக்குச் சொல்லியிருக்கணும். மேடம் படிச்சவியன்னு விட்டுட்டேன்.”

அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னேன்.

“அந்தத் தாளுல என்ன எழுதியிருக்கு?”

“சூடு.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

“அத அழிச்சிராதீங்க மேடம்.”

அழிக்கவில்லை. தாள் நனைந்து கசங்கியிருப்பதால் நல்ல தாளில் திருத்தி எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கசங்கியதையே கொடுத்தேன். ஒரு நகலை வைத்திருக்கிறேன். புதிய நர்ஸ்கள் வரும்போது அதைக் காட்டுகிறேன். அந்தத் தாளின் கீழே இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கை கழுவு. துடை. உன் கழுத்தில் வை. உன் கழுத்துக்கே குளிர்ந்தால், சூடாகும்வரை அக்குளில் வை. பிறகு தொடு. பக்கத்தில் இருப்பவர் குளிர்கிறது என்று சொன்னால், நெஞ்சில் போடு. தாளைக் காட்டாதே.

இனி கணக்கு.

போனவை: ஜெனரேட்டர் ஒன்று. வார்மர் இரண்டு. தராசு ஒன்று. கீழ்த்தளத்துக் கட்டில்கள் பதினொன்று. பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர். தெர்மாமீட்டர் போகவில்லை. வெள்ளிக்கிழமை புதுப் பேட்டரி போட்டேன், சரியாகக் காட்டுகிறது. நீல டப்பா சேற்றில் கிடைத்தது. மூடி இறுக்கமாக இருந்தது. நான்கு பேட்டரியும் உலர்ந்திருந்தன.

பிழைத்தவர்கள்: உமாவின் மகன். பெனிலாவின் மகள். நாற்காலியில் வந்தவளின் மகன். சுனிதா.

இழந்தது, நேரம். நான்கு பத்திலிருந்து நான்கு ஐம்பதுவரை. நாற்பது நிமிடம். ஒரு அப்பாவின் நெஞ்சு காய்ந்து காத்திருந்த நாற்பது நிமிடம்.

இழந்தவர், ஒருவர். பெண். ஆயிரத்து எண்ணூற்று இருபது கிராம். பெயர் வைக்கவில்லை. கையில் கட்டிய சீட்டில் ‘சுனிதாவின் குழந்தை’ என்று இருந்தது. அது என் கையெழுத்து.